ஆர்பிட்டல் திரும்பி வந்ததில் திரும்பி வந்தது எது?

2024 ஏப்ரல் 22, ஒரு வாசகரின் கேள்வி

ரேவ் என்னும் விடியவிடிய ஆடும் நடன விருந்துகளின் காலத்து டெக்னோ குழுக்கள் ஒவ்வொன்றாக மேடைக்குத் திரும்புகின்றன. ஆர்பிட்டல் தன் முதல் இரண்டு ஆல்பங்களை, அட்டை நிறத்தால் பச்சை, பழுப்பு என்று ரசிகர்கள் அழைப்பவற்றை, முழுமையாக வாசித்தபடி பிரிட்டனைச் சுற்றி வருகிறது. கிதார் கலைஞர் ஒருவர் திரும்பி வந்தால் அவருடைய விரல்கள் திரும்பி வந்தன என்று கொள்ளலாம். இயந்திரங்கள் வாசிக்கும் இசையில் திரும்பி வருவதற்கு என்ன இருக்கிறது? ஐம்பதைக் கடந்தவர்களிடம் அவர்களுடைய இருபதாம் வயதை விற்கிறார்கள் என்பதே என் கருத்து. மறுப்பவர்கள் எழுதலாம்.

2024 ஏப்ரல் 22, இரவு

மறுக்கிறேன். முதலில் ஒரு விவரம்: இது ஒரே தடவை நடந்த மீள்வருகை அன்று. ஃபில் ஹார்ட்னால், பால் ஹார்ட்னால் என்னும் இரு சகோதரர்களின் இந்தக் குழு இரண்டு முறை கலைந்து இரண்டு முறை கூடியிருக்கிறது. 2004இல் கிளாஸ்டன்பரி விழாவில் விடைபெற்று, ஜான் பீலின் வானொலி நிகழ்ச்சிக்காக பிபிசியின் மைடா வேல் ஸ்டுடியோவில் கடைசியாக வாசித்துவிட்டுப் பிரிந்தார்கள், 2009இல் கூடினார்கள். 2014 அக்டோபரில், இனி இல்லை என்று அறிவித்துவிட்டு மறுபடியும் பிரிந்தார்கள். 2017இல் மறுபடியும் கூடினார்கள். ஆகவே நாம் இப்போது பேசுவது ஏழு ஆண்டுகளாக நீடிக்கும் இரண்டாவது மீள்வருகையைப் பற்றி. அதற்குள் 2018இல் ஒன்று, 2023இல் ஒன்று என இரண்டு புதிய ஆல்பங்கள் வந்துவிட்டன. பழைய நினைவை விற்பது மட்டுமே நோக்கமாக இருந்தால் அந்த உழைப்புக்குத் தேவையே இல்லை. பழைய பாட்டுகளே அரங்கை நிரப்பிவிடும்.

இயந்திரங்கள் வாசிக்கும் இசை என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு உண்மையான சிக்கல். ஆர்பிட்டலின் மேடையில் என்ன நடந்தது என்பதை விளக்கமாக எழுத வேண்டும். நாளை எழுதுகிறேன்.

2024 ஏப்ரல் 23

அலெசிஸ் எம்எம்டி-8 என்பது 1987இல் வந்த ஒரு சீக்வென்சர். அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம் என்ற கட்டளைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, கம்பி வழியாக சிந்தசைசருக்கும், பதிந்த ஒலித்துணுக்குகளை ஒலிக்கும் சாம்ப்ளருக்கும், டிரம் மெஷினுக்கும் அனுப்பும். அதன் முகப்பில் எட்டுத் தடங்களுக்கு எட்டுப் பொத்தான்கள் உண்டு. அழுத்தினால் அந்தத் தடம் ஒலிக்கும், மறுபடி அழுத்தினால் அடங்கிவிடும். சுழன்றுகொண்டிருக்கும் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு இசை ஓடும்போதே தாவவும் முடியும்.

ஹார்ட்னால் சகோதரர்கள் தொண்ணூறுகளில் மேடைக்கு இந்தக் கருவிகளைத்தான் கொண்டுபோனார்கள். அன்றைய நடன இசைக் குழுக்களில் பல, முழுப் பாட்டையும் ஒரு டேப்பில் பதிந்து வந்து மேடையில் ஓடவிட்டுக்கொண்டிருந்தன. இவர்களோ பாட்டின் உறுப்புகளை மட்டும் கொண்டுவந்து, பாட்டை மேடையில் கட்டினார்கள். பேஸ் எப்போது நுழைய வேண்டும், தாளம் எத்தனை சுற்று காத்திருக்க வேண்டும், கூட்டம் களைத்திருக்கும்போது மெட்டை நீட்டுவதா, வெட்டுவதா என்ற முடிவுகள் அனைத்தும் அந்த நேரத்தில், அந்தக் கூட்டத்தைப் பார்த்து எடுக்கப்பட்டன. ஒரே பாட்டு ஓர் இரவில் ஆறு நிமிடமாகவும் வேறோர் இரவில் பன்னிரண்டு நிமிடமாகவும் ஆக முடிந்தது அதனால்தான். மூக்குக்கண்ணாடியின் இருபுறமும் சிறு டார்ச் விளக்குகளைப் பொருத்திக்கொண்டு அவர்கள் நிற்பதை இன்று ஒரு சின்னமாகப் பார்க்கிறோம். தொடக்கத்தில் அது இருட்டில் பொத்தான்களைப் பார்ப்பதற்கான வழி.

நண்பர் ஒருவரிடம் பழைய எம்எம்டி-8 ஒன்று இருக்கிறது. அவர் வீட்டில் அதனுடன் மாலைகளைக் கழித்திருக்கிறேன். பொத்தானை அழுத்துவதற்கு எந்தத் திறமையும் வேண்டியதில்லை. ஆனால் மூன்று தடங்களை அடக்கிவிட்டு நான்காவதை மட்டும் ஓடவிட்டால், அது தனியாக எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மனம் தொடர்ந்து எடைபோட வேண்டியிருக்கிறது. ஒரு சுற்று முன்னால் விட்டால் எதிர்பார்ப்பு உருவாவதில்லை. இரண்டு சுற்று பின்னால் விட்டால் கவனம் கலைந்துவிடுகிறது. அந்த எடைபோடுதலைத்தான் நான் வாசிப்பு என்கிறேன். கிதார் கலைஞரிடம் அது விரலில் இருப்பதுபோல் இவர்களிடம் காத்திருக்கும் திறனில் இருக்கிறது. திரும்பி வந்தது எது என்று கேட்டீர்கள். இரண்டு பேர் ஒரே மேசையின் முன் நின்று, ஒருவர் காத்திருப்பதை மற்றவர் புரிந்துகொள்ளும் அந்த முறை திரும்பி வந்தது.

2024 ஏப்ரல் 24

அதே கருவிகளைத்தான் இன்றும் வைத்திருக்கிறார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மீண்டும் கூடிய காலத்திலிருந்து ஏபிள்டன் லைவ் மென்பொருளும் தொடுதிரைகளும் எம்எம்டி-8இன் இடத்தை எடுத்துக்கொண்டன. சிந்தசைசர்கள் அருகில் இருக்கின்றன. உறுப்புகளைத் தனித்தனியாக ஓடவிட்டும் அடக்கியும் பாட்டைக் கட்டும் முறை மாறவில்லை.

2024 ஏப்ரல் 28

நான்கு நாள்களாக என் வாதத்தை நானே எதிர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சுற்றுப்பயணத்தின் ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். மகிழ்ச்சியாக இருந்தேன், கண் கலங்கவும் செய்தேன். ஆனால் காத்திருக்கும் திறன்தான் இந்தக் குழுவின் உயிர் என்று எழுதிய நான், ஆல்பத்தை முழுமையாக வாசிப்பது என்ற ஏற்பாடு அந்தத் திறனுக்கு எவ்வளவு இடம் தருகிறது என்பதையும் கேட்டாக வேண்டும். எதை வாசிக்கப்போகிறார்கள் என்பது நுழைவுச்சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அரங்கில் எல்லோரும் அடுத்ததை அறிந்து நிற்கிறார்கள். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று எங்கிருந்து முளைக்கும் என்று தெரியாமல் நிற்கும் பதற்றம், ரேவ் இரவின் பாதிச் சுவை அது, இந்த ஏற்பாட்டில் குறைந்துவிடுகிறது.

இருந்தாலும் இந்த இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்பதில் ஒரு தனி நியாயம் இருக்கிறது. 1991இன் பச்சை ஆல்பம், காலம் ஒரு வளையமாகிறது என்ற பொருளில் ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்த ஒரு குரலுடன் தொடங்குகிறது. 1993இன் பழுப்பு ஆல்பமும் அதே குரலுடன்தான் தொடங்குகிறது. புதிய தட்டை வாங்கி வந்தவர், பழைய தட்டையே போட்டுவிட்டோமோ என்று திகைக்க வேண்டும் என்பதற்காகவே வைத்த தொடக்கம் அது. ஆனால் இம்முறை அந்தச் சொற்றொடரின் இரண்டு படிகள் ஒன்றிலிருந்து ஒன்று மெல்ல விலகி, சொற்கள் உடைந்து, தாளமாகவே மாறிவிடுகின்றன. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் அறுபதுகளில் ஒலிநாடாக்களை வைத்துச் செய்த சோதனையின் நேரடி வாரிசு இது. இரண்டு ஆண்டு இடைவெளியில் செய்த அந்தக் குறும்பை ஒரே மாலையில் கேட்கும்போது, திரும்பி வருவது என்பதே இந்தக் குழு தொடக்கத்திலிருந்து கையாண்ட பொருள் என்பது புலனாகிறது.

2024 ஏப்ரல் 28, பின்னிரவு

மேலே எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். பச்சை ஆல்பத்தின் பிரிட்டன் பதிப்பை இப்போது மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதிலுள்ள "சைம்", "மிட்நைட்" இரண்டுமே நேரடி நிகழ்ச்சி வடிவங்கள். தங்களை அறிமுகப்படுத்திய பாட்டான "சைம்"ஐக்கூட முதல் ஆல்பத்தில் தட்டில் வந்த வடிவத்தில் வைக்கவில்லை. அப்படியானால் இந்த ஆல்பத்தை உள்ளது உள்ளபடி வாசிப்பது என்றால் என்ன? எந்த இரவின் வடிவத்தை வாசிப்பது? ஆல்பமே நிலையான வடிவத்தை மறுத்து நிற்கும்போது, அதை மேடையில் மாற்றி வாசிப்பதுதான் அதற்கு உண்மையாக இருப்பது. அன்றைய நிகழ்ச்சியில் "சைம்" என்னை அசைத்ததும், பழுப்பு ஆல்பத்தின் "இம்பாக்ட்" தட்டில் இருந்ததைப் போலவே இருந்ததால் நான் விலகி நின்றதும் ஏன் என்று இப்போது விளங்குகிறது.

2024 மே 3

"சைம்" என்ன அவ்வளவு பெரிய பாட்டா என்று கேட்பவருக்கு.

1989இல் பால் ஹார்ட்னால் அதை வீட்டில், மாடிப்படிக்குக் கீழே இருந்த சிறு இடத்தில் செய்தார்; தந்தையின் கேசட் ரெக்கார்டரில் பதிந்தார். அந்த மணியொலிச் சுரங்களுக்கான துணுக்குகள் வீட்டிலிருந்த பழைய மெல்லிசைத் தட்டு ஒன்றிலிருந்து வந்தவை. ஜாஸி எம் என்ற டிஜே தன் சிறு நிறுவனத்தின் வழியாக அதை 1989 டிசம்பரில் வெளியிட்டார். 1990 மார்ச்சில் பெரிய நிறுவனம் ஒன்று எடுத்து மறுபடி வெளியிட, பிரிட்டன் பட்டியலில் 17ஆம் இடம் வரை போனது. ஒரு கேசட்டின் விலைக்குச் செய்யப்பட்ட இசை தேசியத் தொலைக்காட்சியில் டாப் ஆஃப் த பாப்ஸ் நிகழ்ச்சிக்குள் நுழைந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே சகோதரர்கள் தலைவரியை எதிர்க்கும் வாசகம் பொறித்த டி-ஷர்ட்டுடன் நின்றார்கள். ஸ்காட்லாந்தில் ஓராண்டுக்கு முன்பே வந்துவிட்ட அந்த வரி அடுத்த மாதம் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வரவிருந்தது. மார்ச் 31இல் டிரஃபால்கர் சதுக்கம் கலவரமாயிற்று. வாசிப்பதுபோல் நடிப்பதற்கும் அவர்கள் பெரிதாக முயலவில்லை.

குழுவின் பெயர், சுற்றுப்பாதை என்ற பொருளில், லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலையிலிருந்து வந்தது. 117 மைல் நீளமுள்ள அந்த வளையம் 1986இல்தான் முழுமையடைந்தது. 1989 கோடையில் ரேவ் நடக்கும் இடம் இரவு வரை இரகசியமாக இருக்கும். ஒரு தொலைபேசி எண்ணை அழைத்தால் பதிவு செய்த குரல் வழி சொல்லும். வாகனங்கள் வரிசையாக அந்தச் சாலையில் ஓடி, ஏதோ ஒரு வயலையோ கிடங்கையோ கண்டுபிடிக்கும். சகோதரர்கள் வளர்ந்த கென்ட் பகுதியின் செவனோக்ஸ் அந்தச் சாலையிலிருந்து எட்டும் தொலைவு. நான் வேலைக்குப் போவதும் அதே சாலையில்தான். நெரிசலில் நிற்கும் லாரிகளுக்கு நடுவே "லஷ்" ஓடும்போது, மணிக்கு 20 மைல் வேகத்தில்கூட அந்த இசை ஓட்டத்தை நிறுத்துவதில்லை.

2024 மே 4

நேற்றைய குறிப்பு பாதியில் நின்றுவிட்டது. நான் சொல்ல வந்தது சட்டத்தைப் பற்றி.

உரிமமில்லாத விருந்துகளுக்கான அபராதத்தை 1990இல் ஒரு சட்டம் 20,000 பவுண்டாக உயர்த்தியது. 1992 மே மாதம் வூஸ்டர்ஷயரின் காசில்மார்ட்டன் பொதுநிலத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடி ஒரு வாரம் வரை ஆடினார்கள். அதன் பிறகு வந்ததுதான் 1994இன் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டம். அதன் 63ஆம் பிரிவு, திறந்தவெளியில் இரவில் ஒலிபெருக்கி இசையுடன் 100 பேரோ அதற்கு மேலோ கூடுவதைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. மீண்டும் மீண்டும் ஒலிக்கும் தாளத் தொடரை முதன்மையாகக் கொண்ட ஒலியும் இசை என்பதில் அடங்கும் என்று அந்தப் பிரிவே எழுதிவைத்தது. ஒரு நாடாளுமன்றம் ஓர் இசை வகையின் தாளத்தைச் சட்டத்தில் வரையறுத்தது.

ஆட்டெக்கர் என்ற இன்னொரு மின்னணு இசைக் குழு, தாளத்தின் எந்த இரண்டு சுற்றும் ஒன்றுபோல் இராதபடி அமைத்த ஒரு பாட்டால் பதில் சொன்னது. ஆர்பிட்டல் அதே ஆண்டு வந்த தன் "ஆர் வி ஹியர்?" தட்டில், மசோதாவின் பெயரை வைத்து ஒரு பகுதியைச் சேர்த்தது. அதில் நான்கு நிமிடங்களுக்கு ஒலியே இல்லை.

அதே 1994இல்தான் அவர்கள் கிளாஸ்டன்பரியில் வாசித்ததை சேனல் 4 ஒளிபரப்பியது. வயல்களிலிருந்து விரட்டப்பட்ட இசை, வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன் ஒரு பெரிய விழாவின் இசையாக நின்றது. இன்றைய மீள்வருகை நடப்பது உரிமமும் காவலர்களும் முன்பதிவும் உள்ள அரங்குகளில். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வராதது எது என்று கேட்டால், இடத்தைத் தேடிப் போகும் அந்தக் கூட்டம்தான். அதை எந்தக் குழுவாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. உங்கள் முதல் கேள்வியில் இருந்த ஏக்கம் குழுவைப் பற்றியதைவிட இதைப் பற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது.

2024 மே 5

கூடுதல் விவரம்: அந்த 100 பேர் என்ற வரம்பு 2003இல் வந்த சட்டத்தால் 20ஆகக் குறைந்தது. பிரிவு இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

2024 மே 26

"ஹால்சியன்" பற்றி எழுதுமாறு கேட்டிருந்தீர்கள். தள்ளிக்கொண்டே வந்தேன், ஏனென்றால் அது எனக்கு நெருக்கமான பாட்டு.

சகோதரர்களின் தாய் பல ஆண்டுகள் ஹால்சியன் என்ற பெயரில் விற்ற டிரையசோலம் தூக்க மாத்திரைக்கு அடிமையாகியிருந்தார். பிரிட்டன் 1991இல் அந்த மருந்தின் உரிமத்தை நிறுத்திவைத்தது. பாட்டு 1992இல் வந்தது. பழுப்பு ஆல்பத்தில் அதன் மாற்றியமைத்த வடிவம் இருக்கிறது. பாடகி கர்ஸ்டி ஹாக்ஷா வேறொரு குழுவுக்காகப் பாடிய குரலைத் துண்டித்து, பின்னோக்கி ஓடவிட்டு, சொற்களே இல்லாத ஓர் அழைப்பாக மாற்றியிருக்கிறார்கள். காணொளியில் அதே கர்ஸ்டி, வீட்டு வேலைகளுக்கு நடுவே நினைவு தப்பித் தடுமாறும் ஒரு தாயாக வருகிறார். கேட்பவர்களில் பலர் இதை வெறும் இன்பமான பாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இன்பம் மாத்திரையின் இன்பம். மகன்கள் அதை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையால் மாறிப்போன ஒருவரை என் உறவினரிடையே பார்த்தவன் என்பதால், கோபமும் தீர்ப்பும் இல்லாமல் இப்படி ஒரு இசையைப் படைக்க எவ்வளவு அன்பு வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

இந்தப் பாட்டின் நடுவே மேடையில் பான் ஜோவி, பெலிண்டா கார்லைல் பாடல்களின் துணுக்குகளை அவர்கள் நுழைப்பது வழக்கம். பல ஆண்டுகள் இது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வசந்தத்தில் பக்கத்தில் நின்றிருந்த ஒரு தாயும் வளர்ந்த மகளும் அந்தத் துணுக்குகள் வந்தபோது ஒன்றாகக் குரலெழுப்பிப் பாடியதைப் பார்த்த பிறகு என் கருத்து தளர்ந்திருக்கிறது. சொற்கள் இல்லாத பாட்டின் நடுவில், கூட்டம் பாடுவதற்கு ஒரு கதவு திறக்கப்படுகிறது. முழுமையாக ஏற்கிறேன் என்று இன்னும் சொல்ல மாட்டேன்.

2024 ஜூன் 9

புதிய ஆல்பங்களை யார் கேட்கிறார்கள் என்ற கேள்விக்கு: நான் கேட்கிறேன். 2018இன் "மான்ஸ்டர்ஸ் எக்ஸிஸ்ட்" எனக்கு ஓரளவுக்கே பிடித்தது. இயற்பியலாளர் பிரையன் காக்ஸ் பேசும் இறுதிப் பகுதி, இசை தானே சொல்லக்கூடியதை உரையாகச் சொல்லிவிடுகிறது. 2023இன் "ஆப்டிக்கல் டிலூஷன்" வேறு தரம். பெருந்தொற்றின் தனிமைக்குப் பிறகு வந்த அந்த ஆல்பம், ரிங் அ ரிங் ஓ ரோசஸ் என்ற குழந்தைப் பாட்டை மீடிவல் பேப்ஸ் குழுவின் குரல்களில் எடுத்து, பழைய கொள்ளைநோய்ப் பாட்டு என்று பெயரிட்டுத் தொடங்குகிறது. அந்தப் பாட்டுக்கும் கொள்ளைநோய்க்கும் உள்ள தொடர்பை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் மக்கள் நம்பும் கதைக்கு இசையில் ஓர் உண்மை இருக்கிறது. ஸ்லீஃபர்ட் மாட்ஸ் குழுவுடன் செய்த "டர்ட்டி ராட்" இன்றைய பிரிட்டன் அரசியலைப் பெயர் சொல்லாமல் அறைகிறது. டி-ஷர்ட் அணிந்து நின்ற 1990இன் அந்த இருவர் இதில் தெளிவாகத் தெரிகிறார்கள். 

2024 ஜூலை 1

கிளாஸ்டன்பரியின் பார்க் மேடை நிகழ்ச்சியைப் பார்த்தீர்களா? நடிகை டில்டா ஸ்விண்டன் மேடைக்கு வந்து பேசினார். 1996இல் "த பாக்ஸ்" காணொளியில் நகரத்தின் வேகத்துக்குள் ஓர் அந்நிய உயிராக மெல்ல நடந்தவர் அவர். ஸ்பைஸ் கேர்ள்ஸ் குழுவின் மெல் சியும் வந்தார். பிரபலங்களை வைத்துக் கவனம் தேடுகிறார்கள் என்று இங்கே எழுதியவருக்கு, இது புதிய பழக்கமில்லை என்பதை நினைவூட்டுகிறேன். 2010இல் அதே விழாவில் டாக்டர் ஹூ தொடரின் நடிகர் மேட் ஸ்மித் டார்ச் கண்ணாடி அணிந்து வந்து, அந்தத் தொடரின் முகப்பு இசையை அவர்களோடு வாசித்தார். 2012 ஆகஸ்டில் லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில் ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் குரலை வைத்து இசைத்தார்கள். வெளியிலிருந்து வரும் ஒரு குரலை வளையத்துக்குள் எடுத்துக்கொள்வது இவர்கள் சாம்ப்ளரில் முதல் நாளிலிருந்து செய்த வேலை. இப்போது குரலுக்கு உரியவர் நேரில் வருகிறார், அவ்வளவே.

2024 ஜூலை 7

சகோதரர்கள் உண்மையில் சமாதானமாகிவிட்டார்களா, அல்லது பணத்துக்காகச் சேர்ந்து நிற்கிறார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாவது பிரிவின்போது அவர்களுக்கிடையே பேச்சே நின்றுபோயிருந்தது என்பதை அவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேல் அவர்களுடைய குடும்பத்துக்குள் போக எனக்கு விருப்பமில்லை. மேடையில் தெரிவதை மட்டும் சொல்கிறேன். பாலின் தனி ஆல்பம் 2015இல் வந்தது. கவனமாகச் செய்த நல்ல வேலை. ஆனால் அதில் இன்னொருவர் குறுக்கிடும் இடம் இல்லை. இருவரும் சேர்ந்து நிற்கும்போது ஒருவர் கட்டி எழுப்பியதை மற்றவர் சட்டென்று வெட்டிவிடுகிறார், அந்த வெட்டில்தான் கூட்டம் துள்ளுகிறது.

2024 ஜூலை 14

முதல் கேள்வியைக் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: அடுத்த முறை வந்தால் நுழைவுச்சீட்டு வாங்கலாமா? வாங்கலாம், அதுவும் ஆல்பத்தின் பெயரை விளம்பரத்தில் போடாத நிகழ்ச்சிக்கு. இந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தைவிட அத்தகைய நிகழ்ச்சியே இந்தக் குழுவுக்குப் பொருத்தமானது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன், ஏப்ரலில் எவ்வளவு மகிழ்ந்திருந்தாலும். போவதற்கு முன் கேட்க வேண்டுமானால் பச்சை ஆல்பத்தின் கடைசிப் பாட்டான "பெல்ஃபாஸ்ட்" உடன் தொடங்குங்கள். வன்முறை ஓயாத 1990இல் வட அயர்லாந்தின் அந்நகரில் வாசிக்கப் போனபோது கிடைத்த வரவேற்பின் நன்றியாக அந்தப் பெயரை வைத்தார்கள். அதில் மிதக்கும் பெண்குரல் 12ஆம் நூற்றாண்டுத் துறவி பிங்கனின் ஹில்டகார்டின் பாடலிலிருந்து எடுத்தது. பிறகு 1996இன் "இன் சைட்ஸ்". அதன் முதல் பாட்டு, கிரீன்பீஸ் அமைப்பின் நடமாடும் சூரிய மின்கலத்தின் மின்சாரத்தில் பதிவானது. பத்து நிமிடங்களுக்கு மேல் நீளும் அதை அவசரப்படாமல் கேளுங்கள். "சைம்" பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நேரடி வடிவத்தில்.